இன்னாரின் மனைவி: ரூக்வூட் மயானத்தில் பெண்களைத் தேடி

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 17 கிலோமீற்றர் தூரத்தில், லிட்கம் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் ரூக்வூட் மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 300 ஹெக்டேயர் நிலம். 1867இல் தொடங்கி இன்றுவரை இயங்கிவரும் இந்த மயானத்தில் பத்து இலட்சம் பேர் அளவில் அடங்கியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஊர்களில் பலவற்றின் சனத்தொகை இதைவிடக் குறைவு. உள்ளே பெயரிட்ட வீதிகள் இருக்கின்றன, சந்திகள் இருக்கின்றன, மதத்துக்கொரு வட்டாரம் இருக்கிறது. வழி தெரியாதவர்கள் வரைபடம் இல்லாமல் போனால் அரை நாள் சுற்றவேண்டியதுதான்.

இந்த மயானத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதன் புகையிரதப் பாதையைப் பற்றி, கட்டடக் கலைஞரைப் பற்றி, அங்கே உறங்கும் பெருவணிகர்களைப் பற்றி, பத்திரிகை அதிபர்களைப் பற்றி. பழைய பகுதிகளில் நடந்தால் பெண்கள் எங்கும் கண்ணில் படுகிறார்கள்: கல்லில் செதுக்கிய பெண்கள். சிலுவையில் சாய்ந்து அழும் பெண், தலைகுனிந்து மலர் வைக்கும் பெண், சிறகு விரித்த பெண் தேவதை. இவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. பெயருள்ள பெண்களோ, கல்லின் இரண்டாவது வரியிலோ மூன்றாவது வரியிலோ, ஓர் ஆணின் பெயருக்குக் கீழே இருக்கிறார்கள்: "மேற்படியாரின் அன்பு மனைவி", "காலஞ்சென்ற இன்னாரின் விதவை". அக்காலக் கல்வெட்டுகளில் விதவையைக் குறிக்கப் பயன்பட்ட ஆங்கிலச் சொல்லுக்கு 'எஞ்சியிருப்பவள்' என்று பொருள். கணவன் போனபின் மிச்சமாக நின்றவள். அவள் அதற்குப் பிறகு முப்பது வருடம் வாழ்ந்திருந்தாலும் கல்லைப் பொறுத்தவரை அவள் மிச்சம்தான்.

ஒரு மயானத்தின் வரலாறு என்பது யாருடைய பெயரை யார் காப்பாற்றினார்கள் என்பதன் வரலாறு. ரூக்வூட்டை நான் அப்படித்தான் படிக்க விரும்புகிறேன்.

ஆண்கள் வரைந்த வரைபடம்

ரூக்வூட் அமைந்திருப்பது தாருக் மொழி பேசிய மக்களின் மண்ணில். அந்த மக்கள் தங்கள் இறந்தோரை அடக்கிய விதமும் இடங்களும் குடியேற்ற அரசின் பதிவேடுகளுக்குள் வரவில்லை. சிட்னியில் வெள்ளையரின் முதல் பெரிய மயானம் இன்று நகர மண்டபம் நிற்கும் இடத்தில் இருந்தது. அது நிரம்பியதும் 1820இல் டெவன்ஷயர் தெரு மயானம் திறக்கப்பட்டது. நகரம் வளர வளர அதுவும் நிரம்பியது. ஊருக்குள் பிணம் புதைத்தால் நோய் பரவும் என்ற அச்சம் அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. லண்டனும் பாரிஸும் செய்ததையே சிட்னியும் செய்தது: இறந்தோரை ஊருக்கு வெளியே அனுப்பியது.

1862இல் அரசு ஹஸ்லெம்ஸ் கிரீக் என்ற இடத்தில் 200 ஏக்கர் நிலம் வாங்கியது. புகையிரதப் பாதை பக்கத்தில் ஓடியதுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முக்கிய காரணம். நிலத்தை மதவாரியாகப் பிரித்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபைக்கும் கத்தோலிக்கருக்கும் பெரும் பங்குகள். பிரஸ்பைட்டேரியர், வெஸ்லியர், யூதர் முதலியோருக்குச் சிறிய பங்குகள். இவற்றில் சேராதோருக்குப் பொதுப் பகுதி. ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த மதத்தின் அறங்காவலர் குழு நிர்வகித்தது. குழுக்களில் இருந்தவர்கள் ஆண்கள். நிலத்தை அளந்தவர்கள், சட்டம் இயற்றியவர்கள், கட்டணம் விதித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். 1879இல் மேலும் 577 ஏக்கர் சேர்க்கப்பட்டது.

இறந்தவர்களைக் கொண்டுபோகத் தனிப் புகையிரதம் ஓடியது. நகரத்தில், ரெட்ஃபர்ன் பக்கம், அதற்கென்றே ஒரு நிலையம் 1869இல் திறக்கப்பட்டது. அரசுக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் பார்னெட் வடிவமைத்த அந்த மணற்கல் நிலையம் ஒரு தேவாலயம்போல இருக்கும். இன்றும் நிற்கிறது. மயானத்துக்குள்ளும் அவர் வடிவமைத்த ஒரு நிலையம் இருந்தது. துக்கத்துக்குப் போகிறவர்கள் பயணச்சீட்டு வாங்க வேண்டும். பிரேதத்துக்குக் கட்டணம் இல்லை. 1948இல் இந்தச் சேவை நின்றது. மயானத்துக்குள் இருந்த நிலையத்தைப் பின்னர் கல் கல்லாகக் கழற்றிக் கன்பராவுக்குக் கொண்டுபோய்த் தேவாலயமாகக் கட்டினார்கள். கற்கள் அப்படிக் கவனமாகக் காப்பாற்றப்பட்டதைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ரயிலில் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்ற கேள்வியும் எழுந்தது.

விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்க ஒழுக்கத்தின்படி, மரியாதைக்குரிய பெண்கள் அடக்கத்துக்குப் போவது உசிதமல்ல என்று கருதப்பட்டது. அவர்கள் உணர்ச்சிவசப்பட்டுவிடுவார்களாம். வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருந்து அழலாம், கறுப்பு உடுத்தலாம். எத்தனை மாதம், எந்தத் துணி, எப்போது சாம்பல் நிறத்துக்கு மாறலாம் என்றெல்லாம் பெண்ணுக்கு விதிகள் இருந்தன. ஆணுக்குக் கையில் ஒரு கறுப்புப் பட்டி போதும். ஏழை வீட்டுப் பெண்கள் இந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க வசதியற்றவர்கள் என்பதால் குழியருகே நின்று அழுதார்கள். துக்கத்தை உடுத்தும் கடமை பெண்ணுக்கு, துக்கத்தை நடத்தும் உரிமை ஆணுக்கு என்ற இந்த ஏற்பாட்டைப் படிக்கும் தமிழ்ப் பெண் எவளுக்கும் பொழிப்புரை வேண்டியிராது.

கல்லைப் படமெடுத்தவள்

1901இல் சிட்னியின் மத்திய புகையிரத நிலையம் கட்டுவதற்காக டெவன்ஷயர் தெரு மயானம் முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. இறந்தோரின் சந்ததியினர் இரண்டு மாதத்துக்குள் வந்து கேட்டால், அரசு செலவிலேயே வேறு மயானத்துக்கு மாற்றித் தரும். கேட்க ஆளில்லாதவர்களின் எச்சங்கள் மொத்தமாக வேறிடம் போகும். ரூக்வூட் உட்படப் பல மயானங்களுக்கு இப்படிப் பழைய எலும்புகளும் கற்களும் வந்து சேர்ந்தன.

அந்த மயானம் அழிக்கப்படுவதற்கு முன் அதன் கற்களைப் படமெடுத்தவர் ஒரு பெண். கணவர் கல்வெட்டுகளைப் படியெடுக்க, அவர் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார். கனமான கமெரா, தாங்குகால், ஒவ்வொன்றாக மாற்றவேண்டிய தகடுகள். இன்று அந்த மயானம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அவருடைய உழைப்பு. வரலாற்றாளர்கள் அவரை நெடுங்காலம் 'திருமதி ஏ. ஜி. ஃபாஸ்டர்' என்று குறித்தார்கள். அந்த இரண்டு முதலெழுத்துகளும் கணவருடையவை. அவருடைய பெயர் ஜோசபின் எதெல் ஃபாஸ்டர்.

ஆயிரக்கணக்கான பெயர்களைக் காப்பாற்றியவரின் பெயர் கணவரின் பெயருக்குள் மறைந்தது. இதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. ரூக்வூட்டின் பெண்களைத் தேடத் தொடங்கியபோது இதே கதை திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது.

இரண்டு லூயிசாக்கள்

1847இல் ஒரு லூயிசா பிறந்தாள். 1848 பெப்ரவரியில் இன்னொரு லூயிசா. இருவரும் நியூ சவுத் வேல்ஸின் நாட்டுப்புறப் பெண்கள். இருவருக்கும் பதினெட்டு வயதளவில் திருமணம். இருவரும் பிள்ளைகளைப் பெற்று, பின்னர் சிட்னிக்கு வந்தார்கள். இருவரும் இப்போது ரூக்வூட்டில் இருக்கிறார்கள்.

முதல் லூயிசா, லூயிசா கொலின்ஸ். பொட்டனி என்ற புறநகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர். 1887இல் கணவர் சார்ள்ஸ் அன்ட்ரூஸ் வயிற்று நோயால் இறந்தார். இரண்டு மாதத்தில் மைக்கேல் கொலின்ஸ் என்பவரை மணந்தார். 1888 ஜூலையில் அவரும் அதேபோல் இறந்தார். உடலில் ஆர்செனிக் நஞ்சு இருந்தது. லூயிசா கைதானார். 1888 ஓகஸ்ட் முதல் டிசம்பர் வரை அவர்மீது நான்கு வழக்கு விசாரணைகள் நடந்தன. மூன்று ஜூரிகள் முடிவுக்கு வரமுடியாமல் கலைந்தன. அரசு விடவில்லை. நான்காவது ஜூரி குற்றவாளி என்றது. அவருடைய பத்து வயது மகள் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டு, வீட்டில் எலிப் பாஷாணப் பெட்டி இருந்தது பற்றிக் கேட்கப்பட்டாள். 1889 ஜனவரி 8ஆம் திகதி டார்லிங்ஹர்ஸ்ட் சிறையில் லூயிசா தூக்கிலிடப்பட்டார். நியூ சவுத் வேல்ஸில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவர்.

அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. நான் எண்ணிப் பார்ப்பது வேறு. நான்கு ஜூரிகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேர்: நாற்பத்தெட்டு ஆண்கள். நீதிபதிகள் ஆண்கள். கருணை காட்டலாமா என்று விவாதித்த நாடாளுமன்றம் முழுவதும் ஆண்கள். மறுத்த ஆளுநர் ஆண். பெண்கள் மனு எழுதலாம், எழுதினார்கள். வாக்களிக்கவோ ஜூரியில் உட்காரவோ முடியாது. அந்த மாநிலத்தில் பெண்கள் ஜூரியில் இடம்பெறச் சட்டம் வந்தது 1947இல்தான். சட்டத்தை உண்டாக்குவதிலும் நடத்துவதிலும் எந்தப் பங்கும் இல்லாத ஒருத்திக்கு, அந்தச் சட்டத்தின் கயிறு மட்டும் சமமாகக் கிடைத்தது.

இரண்டாவது லூயிசா, லூயிசா லோசன். நோர்வே நாட்டு மாலுமியாக இருந்து தங்கம் தேட வந்த ஒருவரை மணந்து, மட்ஜி பக்கத்துக் காட்டுப்புறத்தில் வறுமையோடு போராடியவர். 1883இல் பிள்ளைகளோடு சிட்னிக்கு வந்தார். 1888 மே மாதத்தில், மற்ற லூயிசா கைதாவதற்கு இரண்டு மாதம் முன்பு, 'டோன்' என்ற பெண்கள் பத்திரிகையைத் தொடங்கினார். விடியல் என்று பொருள். எழுதியவர், ஆசிரியர், அச்சகத்தார் எல்லாம் அவரே. அச்சுக் கோப்பதற்கும் பெண்களையே வேலைக்கு வைத்தார். அச்சுத் தொழிலாளர் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேராதவர்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று அவரை நெருக்கியது. அவர் பணியவில்லை. பதினேழு வருடம், 1905வரை, பத்திரிகை வந்தது. வாக்குரிமை, மணவிலக்கு, குடிகாரக் கணவர்களிடம் அகப்பட்ட மனைவியரின் நிலை, வீட்டு வேலை, தையல் எல்லாம் அதில் இடம்பெற்றன. 1902இல் நியூ சவுத் வேல்ஸ் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது அந்த வெற்றியில் அவருக்குப் பெரும் பங்கிருந்தது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதே 1902இல் வந்த கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டம் வெள்ளைப் பெண்களுக்கு வாக்குத் தந்தபோதே, பூர்வகுடியினரையும் ஆசிய, ஆபிரிக்க மக்களையும் பெரும்பாலும் விலக்கிவைத்தது. பூர்வகுடிப் பெண்கள் எல்லோரும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க 1962வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என்னைப்போன்ற ஒருத்தி அப்போது அங்கே இருந்திருந்தால் லூயிசா லோசனின் வெற்றி அவளுக்கு எட்டியிராது. பெண்களின் வரலாற்றிலும் வேலிகள் உண்டு. மயானத்தின் வேலிகளைப் பற்றிப் பேசும்போது அவற்றையும் சேர்த்தே பேச வேண்டும்.

லூயிசா லோசன் 1920 ஓகஸ்டில் கிளாட்ஸ்வில் மனநோய் மருத்துவமனையில் இறந்தார். ரூக்வூட்டில் இங்கிலாந்துத் திருச்சபைப் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு வருடம் கழித்து அவருடைய மகன் ஹென்றி லோசன் இறந்தார். அவுஸ்திரேலியாவின் புகழ்பெற்ற கவிஞரும் சிறுகதை எழுத்தாளரும் அவர். அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. கடலைப் பார்த்த குன்றிலுள்ள வேவர்லி மயானத்தில் அடக்கினார்கள். அவருடைய முதல் நூலை 1894இல் அச்சிட்டு வெளியிட்டவர் அம்மாதான். இன்றும் பலர் லூயிசாவை 'ஹென்றி லோசனின் தாயார்' என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். 'இன்னாரின் மனைவி' போய் 'இன்னாரின் தாய்' வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு லூயிசாக்களும் ஒருவரையொருவர் சந்தித்ததாக எந்தப் பதிவும் நான் கண்டதில்லை. ஒருத்தி 'பெண்ணுக்குச் சட்டத்தில் குரல் வேண்டும்' என்று அச்சுக் கோத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதே நகரில், குரல் இல்லாமல் கூண்டில் நின்றாள் மற்றவள். பாடப்புத்தகங்களில் ஒருத்தி பெண்ணுரிமை அத்தியாயத்திலும் மற்றவள் குற்றக்கதைகளிலும் இருப்பாள். ரூக்வூட்டில்தான் இருவரையும் ஒரே மண்ணில் வைத்துப் படிக்க முடிகிறது.

தேசிய கீதம் வாசிக்கப்பட்ட ஓர் அடக்கம்

லூயிசா லோசன் இறந்த கிளாட்ஸ்வில் மருத்துவமனையில், மூன்று வருடம் கழித்து, ஓர் இளம்பெண் அடைக்கப்பட்டாள். பெயர் பியட்ரிஸ் மைல்ஸ். எல்லோரும் பீ மைல்ஸ் என்பார்கள். பணக்காரத் தகப்பனின் மகள், பல்கலைக்கழகம் போனவள். மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தாள். அதன்பின் அவள் போக்கும் பேச்சும் தகப்பனுக்குப் பிடிக்கவில்லை. 1923இல் அவர்தான் அவளை மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார். ஒரு பத்திரிகை இதை வெளிப்படுத்தி எழுதிய பிறகே, இரண்டு வருடத்தில், வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு சிட்னியின் தெருக்களே அவள் வீடு. ஓடும் வாகனங்களில் தாவி ஏறுவாள். டாக்சியில் ஏறிக் காசு கொடுக்க மறுப்பாள். பணம் வாங்கிக்கொண்டு ஷேக்ஸ்பியரை ஒப்பிப்பாள். எத்தனையோ முறை சிறை சென்றாள். நகரம் அவளை வேடிக்கை பார்த்தது. கொஞ்சம் நேசிக்கவும் செய்தது. 1955இல் ஒரு பெண் சாரதி ஓட்டிய டாக்சியில் கண்டத்தின் மறுகரையிலுள்ள பேர்த் வரை போய்த் திரும்பினாள். அந்த முறை 600 பவுண் கொடுத்தாள்.

1973 டிசம்பரில், எழுபத்தொரு வயதில், இறந்தாள். ரூக்வூட்டில் அடக்கம். சவப்பெட்டியில் அவுஸ்திரேலியக் காட்டுப்பூக்கள் வைத்தார்கள். ஜாஸ் குழு ஒன்று பாடல்களை வாசித்தது. அவற்றுள் ஒன்று பின்னாளில் நாட்டின் தேசிய கீதமானது. அந்தப் பாடலை இயற்றிய பீட்டர் டொட்ஸ் மக்கோர்மிக்கும் அதே ரூக்வூட்டில்தான் உறங்குகிறார். அவர் எழுதியபோது பாடலின் தொடக்கம் நாட்டின் மகன்களை மட்டுமே விளித்தது. 1984இல் அது அதிகாரபூர்வ கீதமானபோதுதான் அந்த விளிப்பை மாற்றி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். ஆக, பீ மைல்ஸை வழியனுப்பிய பாடலில் அவளுக்கு இன்னும் இடம் இருக்கவில்லை. ஆனாலும் அது அவளுக்காக வாசிக்கப்பட்டது.

கல் இல்லாதவர்கள்

இவர்கள் மூவரும் பெயர் அறியப்பட்டவர்கள். ரூக்வூட்டின் பெண்களில் பெரும்பாலானோர் அப்படியல்ல. மயானத்துக்கு வடக்கே, பரமட்டா ஆற்றங்கரையில், நியூயிங்டன் என்ற இடத்தில் 1886இல் அரசு முதிய, வறிய பெண்களுக்கு ஒரு காப்பகம் திறந்தது. வாழ்நாள் முழுவதும் துணி துவைத்தவர்கள், சமைத்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள், உழைப்பு ஓய்ந்ததும் போக்கிடம் இல்லாமல் அங்கே வந்தார்கள். இறந்தால் கல் வைக்க ஆளில்லை. வறியோருக்கான குழிகளில் ஒருவர்மேல் ஒருவராகப் புதைப்பது அன்றைய நடைமுறை. அவர்களுடைய பெயர் பதிவேட்டில் இருக்கும். நிலத்தின் மேல் இராது. அந்தப் புல்வெளிகளில் நடக்கும்போது ஒன்றுமில்லாத இடத்தில் நடப்பதாகவே தோன்றும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில், குழந்தை இறந்து பிறந்தால் அவுஸ்திரேலிய மருத்துவமனைகளில் தாய்க்கு அதைக் காட்டுவதில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது, மறந்துவிடு, அடுத்த பிள்ளையைப் பெற்றுக்கொள் என்றார்கள். அடக்கத்தை மருத்துவமனையே ஏற்பாடு செய்யும். பல குழந்தைகள் ஒரே குழியில், அடையாளக் கல் இல்லாமல். எங்கே என்று தாய்க்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்கும் துணிவும் அவளுக்கு இருக்கவில்லை.

கேட்டார்கள், பிற்பாடு. முப்பது, நாற்பது வருடம் கழித்து, தலை நரைத்த பெண்கள் மயான அலுவலகங்களின் கதவைத் தட்டினார்கள். ஒரு திகதியையும் ஒரு மருத்துவமனையின் பெயரையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு பதிவேடுகளைப் புரட்டச் சொன்னார்கள். பலருக்கு ஒரு பகுதி எண்ணும் வரிசை எண்ணும் கிடைத்தன. ரூக்வூட்டில் இப்போது, இறந்து பிறந்த குழந்தைகளுக்கும் சிசுக்களுக்குமாக 'அன்பின் வட்டம்' என்ற பெயரில் ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே பொம்மைகளும் காற்றில் சுழலும் தாள் பூக்களும் வைக்கிறார்கள். மயானத்தின் பெரிய சலவைக்கல் மண்டபங்கள் முன்னால் நின்றபோது நான் வியந்திருக்கிறேன். இந்த நினைவிடத்தின் முன் நின்றபோது வேறொன்று உறைத்தது: மருத்துவ அதிகாரம் மறக்கச் சொன்னதைப் பெண்கள் மறக்க மறுத்ததன் விளைவு இது.

சுடலைக்குள் வந்த பெண்கள்

ரூக்வூட்டில் 1925இல் தகனச்சாலை திறக்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸில் அதுவே முதல் தகனச்சாலை. சுகாதாரத்தின் பெயரால் கட்டப்பட்ட அந்த இடத்துக்குள், 1983க்குப் பிந்திய வருடங்களில், எங்கள் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். ஹோம்புஷ், ஓபர்ன், வென்ற்வேத்வில் பக்கங்களில் குடியேறிய ஈழத்தமிழர்களின் இறுதிப் பயணங்கள் பல இப்போது அங்கேதான் முடிகின்றன.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் பிரேதம் படலையைத் தாண்டினால் பெண்கள் நின்றுவிட வேண்டும். என் அம்மம்மாவைப் படுக்கையில் வைத்துப் பத்து வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, புண் துடைத்தவர் என் அம்மா. கொள்ளி வைத்தவர், வெளிநாட்டிலிருந்து முதல்நாள் வந்திறங்கிய மாமா. அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றார். சுடலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் முதன்முதலில் ஒரு சுடலைக்குள் கால் வைத்தது ரூக்வூட்டில், ஒரு தோழியின் தாயார் இறந்தபோது.

யாரும் அனுமதி தந்து நாங்கள் உள்ளே போகவில்லை. வழக்கத்தைத் தடுத்து நிறுத்தப் படலை இருக்கவில்லை. கார் நிறுத்துமிடம்தான் இருந்தது. ஆண்களோடு ஒரே காரில் வந்த பெண்களைத் திருப்பி அனுப்ப வழியும் இல்லை. நூற்றாண்டுக்கால விலக்கு இப்படி, எவரும் விவாதிக்காமலே, இடத்தின் வசதிக்காகக் கழன்று விழுந்தது. இதை நான் வெற்றி என்று கொண்டாட மாட்டேன். வசதிக்காகக் கழன்றது வசதிக்காக மீண்டும் பூட்டப்படலாம். கிரியை செய்பவர் யார், நெருப்பு யார் கையில் என்ற கேள்விகளில் பல குடும்பங்கள் இன்னும் மகனைத்தான் தேடுகின்றன. மகன் இல்லாவிட்டால் மருமகனை, பெறாமகனை. மகள்கள் துணிந்து செய்த இடங்களும் உண்டு. அவற்றை நாம் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைப் பெண் மறுபடியும் முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கும்.

ரூக்வூட்டின் நிலம் நிரம்பிவருகிறது. நியூ சவுத் வேல்ஸில் 2013இல் வந்த சட்டம், குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் கல்லறை எடுத்து, விரும்பினால் புதுப்பித்துக்கொள்ளும் முறைக்கு வழி செய்திருக்கிறது. முன்பே நிரந்தரமாக வாங்கிய கல்லறைகளை அது தொடாது. ஆனாலும் இனிவரும் காலத்தில் ஒருவருடைய இடம் நிலைப்பது, அவருக்காக மறுபடி வந்து பணம் கட்டி, பெயரைச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்பதில் தங்கியிருக்கும். டெவன்ஷயர் தெருவில் 1901இல் கேட்ட கேள்விதான் இது. பிள்ளையில்லாதவள், மணமாகாதவள், குடும்பத்தோடு முரண்பட்டு வாழ்ந்தவள் — இவர்களுக்காக யார் வருவார்கள்?

நாம் வரலாம். ஃபாஸ்டர் தம்பதியின் முன்னோர்தான் அந்தக் கல்லறைகளில் இருந்தார்கள் என்பதில்லை. லூயிசா கொலின்ஸின் வழக்கை மறுபடி படிப்பவர்கள் அவருடைய உறவினராக இருக்கவேண்டியதில்லை. மாணவிகளாக இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர்ச் சேமக்காலையோ, சுடுகாட்டுப் பதிவேடோ, ஒரு பழைய தேவாலயத்தின் ஞானஸ்நானப் புத்தகமோ, அதில் பத்துப் பெண்களின் பெயரை எடுத்து அவர்கள் யார் என்று தேடிப்பாருங்கள். ஆய்வுக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

கடைசியாக, எங்கள் மரண அறிவித்தல்களைப் பற்றி. தமிழ்ப் பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் நாள்தோறும் வருபவை. ஒரு பெண் இறந்தால் அவர் இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னார் இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் மாமியார், இன்னாரின் பேர்த்தி என்று நீண்ட பட்டியல் வரும். அவர் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தாரா, போர்க்காலத்தில் தனியாகத் தோட்டம் செய்து ஆறு பிள்ளைகளைக் காப்பாற்றினாரா, இரவு வேலைக்குப் போய்த் தொழிற்சாலையில் நின்றாரா என்று ஒரு வரி இருக்காது. ரூக்வூட்டின் பழைய கற்களைச் செதுக்கியவர்களும் இதே மாதிரியைத்தான் பின்பற்றினார்கள். அந்தக் கற்களை இனித் திருத்த முடியாது. அறிவித்தலை நாம்தான் எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்காக அதை எழுத நேர்ந்தால், உறவுப் பட்டியலுக்கு முன்னால், அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி சேருங்கள்.